திருப்பித் தர வேண்டாத தட்டு

இதோஹாரா மண்பாண்டச் சூளையில் நெருப்பு ஆறி, மறுநாள் வாசல் செங்கல்லைப் பிரிக்கப் போகிறார்கள் என்றால், முதல் நாள் சாயங்காலமே சூளைக்காரரின் மனைவி சுமி போன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். வாடிக்கைக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நாளைக்கு வாங்க என்று சொல்லுவாள். முதலில் யாருக்குச் சொல்கிறாளோ அவர் முதலில் கொட்டகைக்குள் போய் ஒன்றே ஒன்று எடுத்துக்கொள்ளலாம். அவர் எடுத்து முடிக்கும்வரை மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அப்புறம் இரண்டாவது ஆள். இப்படி எங்கும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் ஷின்ஜி ஏரியின் இந்தக் கரையில் ரயில் நேரம் மாறினாலும் மாறும், இது மாறாது.

அந்த முதல் போன் எப்போதும் தமாயோ வீட்டில்தான் அடிக்கும். அடித்ததும் எடுத்துவிட மாட்டாள். கொஞ்சம் அடிக்க விட்டு, கொல்லையில் வேலையாக இருந்தவள் போல மூச்சு வாங்கிக்கொண்டு எடுப்பாள். மத்தியானத்திலிருந்தே போனை ஒட்டினாற்போல் உட்கார்ந்திருந்தது எதிர்வீட்டு ஜன்னலுக்கு நன்றாகவே தெரியும்.

அந்த இலையுதிர்காலத்தில் மட்டும் விளக்கு போட்ட பிறகும் போன் அடிக்கவில்லை. அடித்தபோது முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"என்ன சுமி-சான், இவ்வளவு நேரம்? லைன் கிடைக்கலையா?"

"இல்லீங்க தமாயோ-சான், கினுகோ-சான்கிட்ட பேசிக்கிட்டு இருந்தேன். அவங்க பேச ஆரம்பிச்சா விடுவாங்களா? சரி, நாளைக்கு நீங்களும் வந்துடுங்க."

நீங்களும்! தமாயோ போனை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த கணவர் ஹிரோமு, யாராவது செத்துப்போனார்களா என்று கேட்டார்.

கினுகோ பல் டாக்டரின் மனைவி. ஒசாகாவிலிருந்து வந்தவர்கள், தமாயோ வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறார்கள். வயிற்றெரிச்சலில் பெரிய வயிற்றெரிச்சல் எது என்றால், அவளைச் சூளைக்குக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனதே தமாயோதான். "இதெல்லாம் ஊர்ச் சூளையில சுட்ட பாண்டம், கினுகோ-சான். கல்லு மாதிரி இறுகியிருக்கும். அடியில பேர் தேடாதீங்க, செஞ்சவங்க பேர் போடமாட்டாங்க. கண்ணு இருந்தாத்தான் எது நல்லதுன்னு தெரியும்" என்று அன்றைக்கு ஒரு வகுப்பே எடுத்தாள். கினுகோ தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். கண் அவளுக்கு முதலிலேயே இருந்திருக்கிறது என்பது அப்போது தெரியவில்லை.

மறுநாள் கினுகோதான் முதலில் உள்ளே போனாள். நேராக நடந்துபோய், மூக்கும் கைப்பிடியும் வைத்த ஒரு கூஜாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தேன் நிற மெருகு, வயிற்றில் வெண்ணெய் நிறத்தில் ஒற்றைச் சுழி. தமாயோ கொட்டகை வாசலில் நின்றபடியே கண்ணால் எடுத்து வைத்திருந்த கூஜா அதுதான். பிறகு அவள் உள்ளே போய் ஒரு கிண்ணத்தை எடுத்தாள். என்ன கிண்ணம் என்று வீட்டுக்கு வந்து பிரித்த பிறகுதான் பார்த்தாள்.

சுமியைத் தனியாகப் பிடிக்க அவளுக்கு அதிக நாள் ஆகவில்லை. ஏரிச் சிப்பி விற்கும் வண்டி அருகே வைத்துப் பிடித்தாள்.

"நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா, சுமி-சான்?"

"ஐயோ, தப்பெல்லாம் இல்லீங்க." சுமி சிப்பியைக் கிளறினாள். "புத்தாண்டுக்கு எங்க வீட்டுக்காரர் உங்க வீட்டுக்கு வந்தார்ல? அப்ப அவருக்கு எதுல டீ குடுத்தீங்க?"

தமாயோ யோசித்தாள். மரியாதைக்குரிய மனிதர் வந்திருக்கிறாரே என்று, கல்யாணத்துக்கு வந்த இங்கிலீஷ் கோப்பையில், தங்க விளிம்பு போட்டதில், கொடுத்திருந்தாள்.

"அதுதான். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழிச்சு, 'நான் செஞ்சதெல்லாம் அந்த வீட்ல பெட்டிக்குள்ள படுத்துத் தூங்குது'ன்னார். கினுகோ-சான் வீட்ல அவர் கிண்ணத்துல பூனைக்கு மீன் வச்சிருக்காங்களாம். அதைப் பார்த்துட்டு வந்து அன்னைக்கெல்லாம் சிரிச்சுக்கிட்டே இருந்தார்."

பூனைக்கு! தமாயோ சிப்பி வாங்காமலே வீட்டுக்கு வந்தாள். அவள் வீட்டு அலமாரியில் இதோஹாரா சூளைப் பாண்டங்கள் ஒவ்வொன்றும் மெல்லிய தாளில் சுற்றி, பஞ்சு வைத்து, பெட்டிக்குள் இருந்தன. வருடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட வைத்து, கைக்குட்டையால் துடைத்து, திரும்பப் படுக்க வைப்பாள். பெற்ற பிள்ளைகளை இவ்வளவு பொத்திப் பொத்தி வளர்த்ததாகத் தெருவில் யாருக்கும் ஞாபகமில்லை.

அன்று ராத்திரியே பெட்டிகள் திறந்தன. புழங்கினால்தானே முதல் போன் வரும்? புழங்கிக் காட்டுகிறேன் பார் என்று கிளம்பிவிட்டாள்.

முதலில் அகப்பட்டவர் ஹிரோமு. நொதித்த சோயா பீன்ஸை நூல்நூலாக இழுத்து, கிண்ணத்தில் குச்சியைத் தட்டித் தட்டிச் சாப்பிடுவது அவர் வழக்கம்.

"மெதுவா! தட்டாதீங்க! மெருகு போயிடும்."

"இது சாப்பாடா, பரீட்சையா?"

"சாப்பிடுங்க. ஆனா பார்த்துச் சாப்பிடுங்க."

"பழைய பிளாஸ்டிக் கிண்ணம் எங்க? அது என்னை இப்படி முறைச்சதே இல்ல."

ஆனால் வீட்டுக்குள் புழங்கினால் சூளைக்காரருக்கு எப்படித் தெரியும்? அதனால் அடுத்த வீடுகளுக்குப் பதார்த்தம் அனுப்ப ஆரம்பித்தாள். இங்கே வீட்டுக்கு வீடு கறி போகும், வரும். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது. கழுவித் துடைத்து, ரெண்டு ஆரஞ்சாவது ஒரு பொட்டலம் மிட்டாயாவது போட்டுத்தான் தர வேண்டும். தமாயோ முள்ளங்கியை வேகவைத்து, நல்ல கிண்ணமாகப் பார்த்து அதில் போட்டு, மூடாமல், கையில் ஏந்திக்கொண்டு போனாள். தபாலாபீஸ்காரர் வீடு அவள் வீட்டுக்கு இடது பக்கம். அவளோ வலது பக்கம் போய், சூளையைச் சுற்றிக்கொண்டு, ஏரிக்கரை வழியாகப் போய்க் கொடுத்தாள். முள்ளங்கி பனி மாதிரி ஆறிப்போயிருந்தது என்று தபாலாபீஸ்காரர் மனைவி பிறகு சொன்னாள். தெருவே முள்ளங்கி தின்று அலுத்தது. பூனைக் கிண்ணத்துக்கு மேல் ஒன்று செய்தாக வேண்டுமே என்ற வெறி அவளுக்குத் தணியவில்லை.

அப்போதுதான் கினுகோ வீட்டுக்கு மாத்சுவே நகரத்திலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள் என்று தெரிந்தது. மண்பாண்டம் சேர்க்கிறவர்களாம். கினுகோவின் கூஜாவைப் பார்க்க வருகிறார்களாம். அந்த 'கூஜாவைப் பார்க்க' என்ற சொல் தமாயோவின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

அவளிடம் ஒரு தட்டு இருந்தது. இப்போதைய சூளைக்காரரின் அப்பா, காலமான பெரியவர், செய்தது. இரண்டு கையும் விரித்துப் பிடிக்க வேண்டிய அகலம். கறுப்பில் வெண்ணெய் நிறக் கோடுகளை ஈரத்தோடு சீவி இழுத்து, பறவையின் இறகு போலச் செய்திருப்பார். பாண்டத்தில் பேர் இல்லாவிட்டாலும், அதன் பெட்டி மூடியில் பெரியவரே தூரிகையால் எழுதிக் கொடுத்திருந்தார். அவர் கைவேலைதான் என்பதற்கு அந்த எழுத்துதான் சாட்சி. தமாயோ தன் மகளுக்குக்கூட அந்தத் தட்டை எட்ட நின்றுதான் காட்டியிருக்கிறாள்.

அந்தத் தட்டில் தாமரைக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் காரட்டும் பூப்பூவாக வெட்டிச் சமைத்து அடுக்கினாள். பெட்டியை அலமாரியிலேயே விட்டுவிட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு, விருந்தாளிகள் வந்து உட்கார்ந்த நேரமாகப் பார்த்து கினுகோ வீட்டு வாசலில் போய் நின்றாள்.

உள்ளே இருந்தவர்கள் தட்டைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். தமாயோவுக்கு உச்சி குளிர்ந்தது. குளிர்ந்த மிதப்பில், நம் ஊரில் எல்லாரும் எப்போதும் சொல்வதை அவளும் சொன்னாள்.

"ருசியா இருக்காது, ஏதோ செஞ்சேன். பழைய தட்டு, வீட்ல சும்மா கெடந்தது. திருப்பித் தரணும்னு அலைய வேண்டாம், கினுகோ-சான்."

இதைச் சொல்கிறவர்கள் யாரும் அதை நினைத்துச் சொல்வதில்லை. கேட்கிறவர்களும் நம்புவதில்லை. மறுநாள் தட்டு திரும்பி வரும். அதுதான் மரியாதை.

கினுகோ இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டாள். "அப்படியா! நிஜமாவா! எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல, தமாயோ-சான். அப்ப நான் வச்சுக்கறேன்" என்று விருந்தாளிகள் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா? இந்த ஊர்ல மனுஷங்க எப்படின்னு பாருங்க!"

விருந்தாளிகள் எல்லாரும் தலை குனிந்து வணங்கினார்கள். தமாயோவும் குனிந்தாள். குனிந்த தலையை நிமிர்த்தும்போது முகத்தில் ரத்தமே இல்லை.

மறுநாள் கினுகோ வந்தாள். கையில் ஒசாகாவின் பெரிய கடைத் தாளில் சுற்றிய கடற்பாசி டப்பா, உயர்ந்த ரகம். தட்டு வரவில்லை. வெகுமதிக்கு வெகுமதி வந்துவிட்டது; அத்தோடு கணக்குத் தீர்ந்தது என்று பொருள்.

"போய்க் கேளு" என்றார் ஹிரோமு, கடற்பாசியை மென்றுகொண்டே.

"எப்படிக் கேக்கறது?"

"வாயாலதான்."

"வாயாலதானே குடுத்தேன்! மாத்சுவேகாரங்க அத்தனை பேர் முன்னாடி வேண்டாம்னு சொல்லிட்டு, இப்ப குடுங்கன்னா, என்ன நினைப்பாங்க?"

"அப்ப விடு."

"எப்படி விடறது?"

ஹிரோமு இன்னொரு கடற்பாசியை எடுத்துக்கொண்டார். அது நிஜமாகவே உயர்ந்த ரகம்.

குளிர்காலம் முழுக்க தமாயோவுக்கு கினுகோ வீட்டில் ஏதாவது வேலை இருந்தது. ஊர்ச் சுற்றறிக்கை கொடுக்கப் போனாள். வேலி விழுகிறதென்று சொல்லப் போனாள். பல்லே வலிக்காமல் பல் வலி என்று போனாள். ஒவ்வொரு முறையும் பொடித்தேநீரும் ஊறுகாயும் வந்தன. பக்கத்தில் அந்தத் தட்டு இருந்தது. ஒருநாள் அதில் ஆரஞ்சு குவிந்திருந்தது. ஒருநாள் பச்சை மீன் துண்டு. ஒருநாள் டாக்டர் வந்து கார் சாவியைச் சடாரென்று அதன்மேல் போட்டார். அந்தச் சத்தத்துக்கு தமாயோ உட்கார்ந்த இடத்திலிருந்து துள்ளினாள்.

"குளிருதா, தமாயோ-சான்?" என்றாள் கினுகோ. "கம்பளி தரட்டா?"

"இல்ல, பல்லு."

மீன் கொழுப்பும் தேநீர்க் கறையும் பட்டுப்பட்டு, தட்டின் மெருகு ஆழமாகி, இறகுக் கோடுகள் முன்பைவிட உயிரோடு தெரிந்தன. பெட்டிக்குள் இருந்த காலத்தில் அது இவ்வளவு அழகாக இருந்ததில்லை. தன் தட்டு அடுத்தவள் கையில் அழகாகிக்கொண்டு வருகிறது என்பதைத்தான் தமாயோவால் தாங்க முடியவில்லை. உடைந்திருந்தால்கூட அழுது தீர்த்திருப்பாள்.

வசந்தம் முடியும் சமயத்தில் சூளைக்கு மறுபடி நெருப்பு போட்டார்கள். தமாயோ எதிர்பார்ப்பை விட்டிருந்தாள்; நிஜமாகவே கொல்லையில்தான் இருந்தாள். போன் அடித்து அடித்து ஓய்ந்து திரும்ப அடித்தது.

"எங்க போயிட்டீங்க?" என்றாள் சுமி. "முதல்ல உங்களுக்குத்தான் சொல்லணும்னு எங்க வீட்டுக்காரர் பக்கத்துலயே நிக்கறார்."

"எனக்கா?"

"பின்ன? அவங்க அப்பா செஞ்ச தட்டை, கறியோட தூக்கிக் குடுத்துட்டு, திருப்ப வேண்டாம்னு சொன்னீங்களாமே. மாத்சுவேகாரர் ஒருத்தர் வந்து சொன்னார். 'மண்ணு மேல பிரியம் இருந்தும் பேராசை இல்லாத மனுஷி'ன்னு எங்க வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கார்."

தமாயோ போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துக்கொண்டாள். "அது என்ன பெரிய விஷயம், சுமி-சான்" என்றாள். அன்று மாலை காரணமே இல்லாமல் கினுகோ வீட்டு வேலி ஓரமாகத் தண்ணீர் ஊற்றினாள். மழை பெய்து ஓய்ந்த நாள் அது.

மறுநாள் கொட்டகை வாசலில் எல்லாரும் கூடியிருந்தார்கள். சூளைக்காரர் இதோஹாரா கரி பூசிய முகத்தோடு, சிரித்துக்கொண்டு, தமாயோவை உள்ளே வரச்சொல்லிக் கையைக் காட்டினார். அவள் ஒரு காலை எடுத்து வைத்தாள்.

"ஒரு நிமிஷம், மன்னிக்கணும்" என்றாள் கினுகோ. அவள் இரண்டாவது ஆள். கையில் ஊதாத் துணி மூட்டை. அதை அவிழ்த்தாள். தட்டு.

"நான் வெளியூர்க்காரி, எனக்கு இந்த ஊர்ப் பேச்சு புரியல. வேண்டாம்னா வேண்டாம்னு நினைச்சுட்டேன். அப்புறம்தான் ஒருத்தர் சொன்னாங்க, அது சும்மா வாய்வார்த்தையாம். பாவம், தமாயோ-சான் குளிரு பூரா இதைப் பார்க்கறதுக்காகவே எங்க வீட்டுக்கு வந்துட்டு வந்துட்டுப் போனாங்க. பல்லு வலின்னுகூட வந்தாங்க." குரலில் அவ்வளவு வெண்ணெய். "இந்தாங்க, உங்க தட்டு. வாங்கிக்கோங்க."

இதோஹாராவின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. அவர் தமாயோவைப் பார்த்தார். சுமி பார்த்தாள். தபாலாபீஸ்காரர் மனைவி கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

தட்டு ஒரு கை தூரத்தில் இருந்தது. விளிம்பில் புதிதாக ஒரு சின்ன மூளி, நகக்கண் அளவு. அதுவும் அழகாகத்தான் இருந்தது. கையை நீட்டினால் தட்டு அவளுடையது. நீட்டினால் முதல் இடம் கினுகோவுடையது, பேராசையில்லாத மனுஷி என்ற இந்தப் பேரும் போகும். தமாயோவின் விரல்கள் தாமாகவே நகர்ந்தன. அவற்றை மடக்கி, ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

"என்ன கினுகோ-சான் நீங்க, குடுத்ததைப் போய்..." என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தவர்களுக்கே பல் கூசியது. "உங்க வீட்ல அது சந்தோஷமா இருக்கு. அது எப்படி இருக்குன்னு பார்க்கத்தான் வந்தேன். வேற என்ன?"

"நிஜமாவா?"

"நிஜமா."

"இதுதான்!" என்று இதோஹாரா தொடையில் தட்டினார். "இப்படியில்ல இருக்கணும்! அப்பா இருந்திருந்தா அழுதிருப்பார். தமாயோ-சான், அப்ப அந்தப் பெட்டியையும் அங்கயே குடுத்துடுங்க. அப்பா எழுதினது. தட்டு ஒரு வீடு, பெட்டி ஒரு வீடா இருக்கக்கூடாது."

"ஆமா" என்றாள் தமாயோ. தன் குரல் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. "சாயங்காலம் நானே கொண்டுவந்து குடுத்துடறேன்."

கினுகோவுக்கும் அது எதிர்பாராத அடி. பிடுங்க நினைத்தது முதல் இடத்தை. கையில் வந்தது பெட்டி. தட்டைத் திரும்பத் துணியில் கட்டினாள்.

தமாயோ கொட்டகைக்குள் போனாள். பலகைகளில் பாண்டங்கள் இன்னும் கைச்சூடு போலச் சூடாக இருந்தன. முதல் வரிசையிலேயே ஒரு தட்டு, ஏரி அலை மாதிரி கோடு போட்டது. அவள் மனசு அங்கே ஒரு கணம் நின்றது. ஆனால் கண் பின்னால் திரும்பியது. வாசலில் நிற்கிற கினுகோ எதைப் பார்க்கிறாள்?

கினுகோ மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூலையில் ஒரு ஊறுகாய் ஜாடி, மூன்று வயசுக் குழந்தை உயரம், பழுப்பு நிறம், ஒரு பக்கம் மெருகு வழிந்து கட்டி தட்டியிருந்தது. தமாயோ அலைத் தட்டைப் பார்த்தாள், கினுகோவின் கண்ணைப் பார்த்தாள். கண் இன்னும் ஜாடியில்தான்.

நேராகப் போய் ஜாடியின்மேல் கையை வைத்தாள். "இது."

"அதுவா?" என்றார் இதோஹாரா. "அது சூளையில எடம் காலியா இருக்கக்கூடாதுன்னு வச்சது. யாரும் எடுக்கமாட்டாங்கன்னு நினைச்சேன். பரவாயில்ல, உங்க கண்ணே தனி. ப்ளம் காய்க்கிற மாசம் வருது. ஊறுகாய் போட்டுட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க, ருசி பார்க்க வர்றேன்."

அடுத்து கினுகோ உள்ளே போனாள். மூலைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அலைத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

ஹிரோமு கைவண்டி கொண்டுவந்து ஜாடியை ஏற்றினார். வீட்டு வாசல்படியில் ஏற்றும்போது, "உனக்கு ஊறுகாய் போடத் தெரியுமா?" என்று கேட்டார். தமாயோ இதுவரை ஊறுகாயைக் கடையில்தான் வாங்கியிருக்கிறாள்.

சாயங்காலம் காலிப் பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கினுகோ வீட்டுக்குப் போனாள். கினுகோ வாசலிலேயே வாங்கிக்கொண்டாள். பெரியவரின் எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். இரண்டு பேரும் மாறி மாறிக் குனிந்து வணங்கினார்கள். தமாயோ திரும்பி நடக்கும்போது கினுகோ பெருமூச்சு விட்டாள்.

"ஒண்ணு சொல்லட்டா, தமாயோ-சான்? அந்த ஜாடி மேல நீங்க கையை வச்சதும் என் மனசே விட்டுப்போச்சு. அப்புறம் எதையோ ஒண்ணு எடுத்துட்டு வந்தேன், போங்க."

இதை அவள் நிஜமாகத்தான் சொன்னாளா என்று தெருவில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. தபாலாபீஸ்காரர் மனைவி, அதெல்லாம் ஒசாகாக்காரி ஜாலம் என்கிறாள்.

தமாயோவுக்குச் சந்தேகமே வரவில்லை. வீட்டுக்கு வந்து, விளக்கைப் போட்டு, ஜாடிக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். கட்டி தட்டிய மெருகை இந்தப் பக்கமிருந்து பார்த்தாள், அந்தப் பக்கமிருந்து பார்த்தாள். பார்க்கப் பார்க்க ஜாடி அழகாகிக்கொண்டே வந்தது. ஹிரோமுவைக் கூப்பிட்டாள். இருவருமாக அதை மூச்சுப் பிடித்து நகர்த்தி, கினுகோ வீட்டு வேலியிலிருந்து பார்த்தால் நேராகக் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தார்கள்.